காலைக் குளிரா, புது ஃபில்டரா? ரோட்டரி காரில் கூடிய பவரை மலைநாட்டில் அளக்கும் விதம்

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகிற பாதையில் ஒரு விடியற்காலை, பழைய ஃபில்டர் பெட்டிக்குப் பதிலாகப் புதிதாகப் பூட்டிய ஓபன் எயார் ஃபில்டரோடு மாஸ்டா ஆர்எக்ஸ்-8ஐ மிதித்தபோது கார் பிய்த்துக்கொண்டு போவதாகத்தான் எனக்குப் பட்டது. பக்கத்தில் இருந்த கூட்டாளியும் "மச்சான், சும்மா 20 குதிரை கூடியிருக்கும்" என்றான். அன்று பின்னேரம் அதே ஏற்றத்தில் அதே கார் சோம்பலாக ஏறியது. காலையில் 11 பாகை, பின்னேரம் 22 பாகை, காலையில் ஒருவன் ஏறியிருந்தான், பின்னேரம் அவன் தம்பியும் சேர்ந்து இரண்டு பேர், பெற்றோல் டாங்க் வேறு நிறைந்திருந்தது. ஃபில்டர் மட்டும் அதேதான்.

இந்த ஊரில் காற்றும் சரிவும் ஆடுகிற ஆட்டத்துக்கு முன்னால், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத ஒரு ரோட்டரியில், அதாவது பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் சுழலும் என்ஜினில், நாம் செய்யும் மாற்றம் தரும் லாபம் மிகச் சின்னது. அதனால் முதலில் ஆட்டத்தை அளக்க வேண்டும், அப்புறம்தான் லாபத்தை. கீழே சொல்வதெல்லாம் ஆர்எக்ஸ்-8இன் ரெனிசிஸ் என்ஜினை வைத்துத்தான். பழைய 13பி ரோட்டரி என்ஜின் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், வால்வுகளும் எண்களும்தான் மாறும்.

காற்றிலிருந்து தொடங்குவோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கொழும்பில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல் என்றால் இங்கே 81 அளவில்தான். இங்கே குளிர் என்பதால் அந்த இழப்பில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது: கொழும்பில் 30 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று 1.16 கிலோ இருக்கும், இங்கே 16 பாகையில் 0.98 கிலோ. அதாவது கொழும்பில் ஓடிய அதே கார் இங்கே வந்தால் ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்த காற்றைத்தான் விழுங்கும். டர்போ இருந்தால் அது கொஞ்சம் ஈடுகட்டும், நம்முடையதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே கண்டியில் அளந்ததை நுவரெலியாவில் அளந்ததோடு ஒப்பிடவே கூடாது. ஹட்டனில் "முன்னே" நுவரெலியாவில் "பின்னே" என்றாலும் அதே கதைதான், இரண்டுக்கும் இடையில் 600 மீற்றர் வித்தியாசம் இருக்கிறது.

ஒரே இடத்தில் அளந்தால் அழுத்தம் பெரிதாக மாறாது, நம் பக்கத்தில் ஒரு நாளில் சில மில்லிபார்தான் ஏறி இறங்கும். மாறுவது வெப்பம். 3 பாகைக்கு ஏறக்குறைய 1 சதவீதம் அடர்த்தி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய அந்த 11க்கும் 22க்கும் இடையில் 4 சதவீதத்துக்குக் கிட்ட போய்விட்டது. அது அப்படியே பவராக மாறாது, உள்ளே போகும் வழியில் காற்று சூடாகிவிடுவதால் பவரை ஒரே காற்று நிலைக்குக் கொண்டுவரும் திருத்தச் சூத்திரங்கள் வெப்பத்துக்கு வர்க்கமூலம்தான் எடுக்கும், அதனால் பாதி, சுமார் 2 சதவீதம் என்று வையுங்கள். பனிமூட்டம் பற்றி ஒரு வார்த்தை: மூட்டத்தில் கார் "மூச்சுத் திணறும்" என்று பலர் சொல்வார்கள். உண்மையில் 16 பாகையில் மூட்டமாகவே இருந்தாலும் அந்தக் காற்றில் உள்ள நீராவி கொழும்பின் புழுக்கத்தில் இருப்பதைவிடக் குறைவு.

இதெல்லாம் இருக்கட்டும், அளப்பதற்கு முன்னே கார் நலமாக இருக்கிறதா? இந்த இடத்தில்தான் நான் கோட்டை விட்டேன், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆர்எக்ஸ்-8இல் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் கொயில் நாலு, ஒவ்வொரு ரோட்டருக்கும் முந்திச் சுடும் லீடிங் ஒன்று, பிந்திச் சுடும் டிரெய்லிங் ஒன்று. அவை மெதுவாகத்தான் சாகும், என்ஜின் லைட் எரியும்வரை காத்திருந்தால் அதற்குள் புகையைச் சுத்தப்படுத்தும் கன்வர்டரும் அடைத்துப்போய்விடும். லீடிங் பிளக்கும் டிரெய்லிங் பிளக்கும் வேறு வேறு வகை, மாற்றிப் பூட்டிய கார்களையும் கண்டிருக்கிறேன். பழைய கொயிலோடு "முன்னே" அளந்து, சைலன்சர் மாற்றும்போது கூடவே கொயிலையும் மாற்றி, "பின்னே" அளந்துவிட்டு சைலன்சரைப் புகழ்பவர்கள் நிறையப் பேர். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது ரோட்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பது. பிஸ்டன் காருக்குப் போடும் சாதாரண கேஜ் இதற்குச் சரிவராது, ஒரு ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். மாஸ்டா சொல்லும் குறைந்தபட்ச அளவு, என்ஜின் 250 ஆர்பிஎம்மில் சுற்றும்போது 680 கிலோபாஸ்கல், ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 150க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, இரண்டு ரோட்டருக்கும் இடையே 100க்கு மேல் கூடாது. ஆனால் அந்த 680 கடல் மட்டத்துக்கு உரியது. நுவரெலியாவில் உள்ளே போகும் காற்றின் அழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகவே கேஜும் அந்த அளவு குறைத்தே காட்டும். இது தெரியாமல் இங்கே 560 காட்டியதும் "என்ஜின் முடிந்தது" என்று நல்ல காரை மலிவாகத் தள்ளிவிட்டால் நட்டம் உங்களுக்குத்தான். உயரத்துக்கும் சுற்று வேகத்துக்கும் திருத்திப் பாருங்கள், முகங்களுக்கிடையேயான வித்தியாசத்தையும் கட்டாயம் பாருங்கள், அது உயரத்தால் வருவதல்ல.

மூன்றாவது, காற்று வழியில் உள்ள வால்வுகள். ஆறு போர்ட் உள்ள ஹை பவர் என்ஜினில் சுமார் 3,750 ஆர்பிஎம்மில் ஒரு ஷட்டர் திறக்கும், 6,250 அளவில் துணை போர்ட்டுகள், 7,250 அளவில் இன்டேக் பாதையின் நீளத்தை மாற்றும் வால்வு. கார்பன் படிந்து இவை இறுகிவிடும். அப்போது கார் ஓடும், ஸ்டார்ட் ஆகும், லைட் கூட எரியாமல் இருக்கலாம், மேலே மட்டும் உயிர் இருக்காது. மலைப்பாதையில் எப்போதும் 4,000க்குக் கீழேயே ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

சரி, கருவிகள். காரின் கணினித் தகவலைத் தரும் ஓபிடி பிளக்கில் செருகும் புளூடூத் அடாப்டர் ஒன்று, போனில் பதிவு செய்யும் ஆப் ஒன்று, ஒரு வெப்பமானி, ஒரு கொப்பி. போனின் ஜிபிஎஸ் பெரும்பாலும் செக்கனுக்கு ஒரு தடவைதான் இடத்தைச் சொல்லும், 5 செக்கன் ஓட்டத்துக்கு அது உதவாது. ஓபிடியில் வரும் வேகமும் முழு எண்ணாகத்தான் வரும், 61, 62 என்று. ஆனால் ஆர்பிஎம் கால் ஆர்பிஎம் நுணுக்கத்தில் வரும். கிளட்ச் நழுவாமல், டயர் வழுக்காமல், ஒரே கியரில் இருக்கும்வரை ஆர்பிஎம்தான் வேகம். ஆகவே வேகத்தை மறந்துவிட்டு "இரண்டாம் கியரில் 3,000இலிருந்து 5,500க்கு எத்தனை செக்கன்" என்று அளந்து பாருங்கள். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் டிக் பண்ணிப் பதிவு செய்யாதீர்கள், அடாப்டர் ஒவ்வொன்றாகக் கேட்பதால் எண்ணிக்கை கூடக் கூட இடைவெளி நீளும். நேர ஓட்டத்துக்கு ஆர்பிஎம் மட்டும் போதும். காற்றோட்டத்துக்குத் தனியாக இன்னொரு ஓட்டம்: ஆர்பிஎம், எயார் ஃப்ளோ (செக்கனுக்கு எத்தனை கிராம் காற்று), உள்ளே போகும் காற்றின் வெப்பம், இந்த மூன்றும்.

இடம் தேடுவதுதான் கஷ்டம். தட்டையான நீண்ட பாதை நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? அம்பேவெல பக்கம் கொஞ்சம் விரிந்து கிடக்கும், ஆனால் காற்றாலை நிற்கிற இடத்தில் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கொஞ்ச நாள் தட்டையைத் தேடி அலைந்துவிட்டு ஏற்றத்துக்கே திரும்பி வந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏற்றம்தான் நமக்கு நல்லது. 1,450 கிலோ காரை 8 சதவீத ஏற்றம் 1,100 நியூட்டனுக்கு மேல் பின்னால் இழுக்கும். இரண்டாம் கியரில் இங்கே சக்கரத்தில் கிடைக்கும் தள்ளுவிசை சுமார் 4,400 நியூட்டன், அதில் கால்வாசியை ஏற்றமே தின்றுவிடுகிறது. மிச்சத்தில்தான் கார் வேகம் எடுக்கிறது. ஆகவே என்ஜினில் 1 சதவீதம் கூடினால் தட்டையில் நேரம் 1 சதவீதம் மாறும், ஏற்றத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை சதவீதம். சின்ன வித்தியாசத்தை ஏற்றம் பெரிதாக்கிக் காட்டுகிறது, ஓட்டமும் நீள்வதால் நேரத்தை அளப்பதில் வரும் பிழையும் குறைகிறது, வேகமும் அடங்கியிருக்கும். ஆனால் சரிவு 1 சதவீதம் மாறினாலே தள்ளுவிசையில் 3 சதவீதம் போய்விடும், ஆகவே தொடங்குகிற மதகு முடிகிற மரம் வரைக்கும் அதே இடமாக இருக்க வேண்டும், ஒரு பத்து மீற்றர் முன்பின் ஆனாலும் கணக்கு கெடும்.

இரண்டாம் கியரில் 3,000 என்பது மணிக்கு 36 கிலோமீற்றர், 5,500 என்பது 66. ஊருக்கு வெளியே காருக்கு 70தான் எல்லை, ஆகவே இது சட்டத்துக்குள் அடங்குகிறது. சிக்கல் என்னவென்றால் ரோட்டரியின் உயிர் 6,000க்கு மேலேதான், இரண்டாம் கியரில் 8,000 போனால் 97 ஆகிவிடும். முதல் கியரில் 8,500 என்றாலும் 62தான் வரும். அதனால் மேல் பாதியை முதல் கியரில் 4,000இலிருந்து 8,500 வரை அளக்கலாம், காய்ந்த தரையில், டயர் வழுக்காமல். பொதுப் பாதையில் அந்தச் சத்தத்தோடு இதைச் செய்தால் பொலிஸ் நிறுத்தும், நிறுத்தாவிட்டால் லயத்தில் தூங்கும் பிள்ளைகளின் அம்மாமார் விடமாட்டார்கள். தோட்டத்துத் துரையிடம் முறையாகக் கேட்டு, கொழுந்து நிறுக்கிற நேரம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டப் பாதையின் இரு முனையிலும் ஆள் நிறுத்தித்தான் நான் செய்தேன்.

ஓட்டத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை: டயர் காற்று ஒரே அளவு, பெற்றோல் பாதி டாங்க், அதுவும் எப்போதும் ஒரே ஒக்டேன், 92 என்றால் 92, 95 என்றால் 95. நிறைந்த டாங்க் மட்டும் 45 கிலோவுக்குக் கிட்ட, அது காரின் எடையில் 3 சதவீதம். 70 கிலோ கூட்டாளி ஏறினால் 5 சதவீதம், அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மாற்றம் முழுவதையும் அவனே தின்றுவிடுவான். ஒயில் அளவைப் பாருங்கள், ரோட்டரி ஒயில் குடிப்பது தெரிந்ததுதானே. ஒயில் நன்றாகச் சூடாகும்வரை 20 நிமிடமாவது ஓட்டுங்கள். இன்னொன்று, காலைக் குளிரில் காரை கராஜிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டு உடனே ஓஃப் பண்ணாதீர்கள், பிளக் நனைந்து திரும்ப ஸ்டார்ட் ஆகாது, அன்றைய அளவீடு அதோடு சரி.

அளக்கும் முறை இது. பழைய பாகத்தோடு ஐந்து ஓட்டம். மாற்றிப் பூட்டி ஐந்து ஓட்டம். பிறகு பழையதைத் திரும்பப் பூட்டி மறுபடி ஐந்து ஓட்டம். மூன்றாவதைத்தான் எல்லோரும் தவிர்ப்பார்கள், சோம்பல், ஆனால் அதுதான் உயிர்நாடி. பழையது இரண்டு தடவையும் ஒரே நேரத்தைக் காட்டினால்தான் இடையில் வெயிலோ காற்றோ விளையாடவில்லை என்று தெரியும். ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரே இடைவெளி விடுங்கள், பொனட்டுக்குள் சூடு தேங்கினால் அடுத்த ஓட்டம் மெதுவாகும். சராசரி வேண்டாம், ஐந்தையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள், ஒரு ஓட்டம் பிசகினாலும் அது பாதிக்காது.

என் கொப்பியில் உள்ளது: பழைய பெட்டியோடு 5.08, 5.10, 5.12, 5.15, 5.21. ஓபன் ஃபில்டரோடு 5.06, 5.09, 5.11, 5.14, 5.17. திரும்பப் பழையது 5.07, 5.11, 5.13, 5.16, 5.18. நடு எண்கள் 5.12, 5.11, 5.13. ஒரே பாகத்துக்குள்ளேயே 0.1 செக்கனுக்கு மேல் ஆடுகிறது, பாகத்துக்குப் பாகம் வித்தியாசம் 0.01, 0.02. லாபம் இருந்தாலும் இந்த ஆட்டத்துக்குள் அமுங்கிவிட்டது. முதல் கியர் ஓட்டத்திலும் அதேதான்.

அப்புறம் காற்றோட்டக் கணக்கு, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரோட்டரியில் ரோட்டர்கள் சுழற்றும் நடுத்தண்டான எக்ஸ்சென்ட்ரிக் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் ஒவ்வொரு ரோட்டரும் ஒரு தடவை காற்றை இழுக்கும், ஒரு ரோட்டருக்கு 654 சிசி, இரண்டுக்கும் 1,308. நாலு ஸ்ட்ரோக் பிஸ்டன் என்ஜின் ஒரு சுற்றுக்குத் தன் கொள்ளளவில் பாதியைத்தான் இழுக்கும், அதனால்தான் 1.3 லீற்றர் ரோட்டரி 2.6 லீற்றர் பிஸ்டன் மாதிரி பெற்றோல் குடிக்கிறது. 8,000 ஆர்பிஎம் என்றால் செக்கனுக்கு 133 சுற்று, 174 லீற்றர் காற்று. நுவரெலியாவில் லீற்றருக்கு 0.98 கிராம் என்றால் செக்கனுக்கு 171 கிராம். முழுக்க நிறைந்தால் இவ்வளவு. உங்கள் எயார் ஃப்ளோ சென்சர் காட்டுவதை இதால் வகுத்தால் என்ஜின் எத்தனை சதவீதம் நிறைகிறது என்று கிடைக்கும், அதை ஒவ்வொரு 500 ஆர்பிஎம்முக்கும் கொப்பியில் கோடாகப் போடுங்கள். உயரமும் வெப்பமும் ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டதால், கொழும்பில் எடுத்த கோட்டையும் இங்கே எடுத்த கோட்டையும் ஓரளவு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிற ஒரே அளவீடு இதுதான்.

இதில் ஒரு பொறி. சென்சர் இருக்கும் குழாயின் விட்டம் மாறினால் சென்சர் பொய் சொல்லும். கடையில் வாங்கும் இன்டேக் சிலதில் குழாய் அகலம் வேறு, அப்போது கிராம் கணக்கு கூடியும் காட்டலாம் குறைந்தும் காட்டலாம், பெற்றோல் கலவையும் அதோடு பிசகும். அதனால் காற்றோட்டக் கோட்டைப் பழைய குழாயோடு மட்டும் நம்புங்கள். ஓபன் ஃபில்டர் பொனட்டுக்குள் சூட்டை உறிஞ்சுகிறதா என்பதையும் உள்வரும் காற்றின் வெப்பத்தில் பாருங்கள், ஏற்றத்தில் மெதுவாகப் போகும் லொறிக்குப் பின்னால் பத்து நிமிடம் ஊர்ந்தால் போதும், தெரிந்துவிடும்.

பழைய பெட்டியோடு நான் போட்ட கோடு 6,000 வரை ஒழுங்காக ஏறிவிட்டு அதற்கு மேல் படுத்துவிட்டது. 8,000இல் 138 கிராம்தான், 81 சதவீதம். சரியாகத் துணை போர்ட்டுகள் திறக்க வேண்டிய இடத்தில். எங்கள் கராஜ் அண்ணன் இன்டேக்கைக் கழற்றியபோது அந்த வால்வு கார்பனில் ஊறி அசையாமல் கிடந்தது. சுத்தம் பண்ணிப் பூட்டிய பிறகு அதே இடத்தில் 154 கிராம், 90 சதவீதம். முதல் கியர் ஓட்டத்தின் நடு எண் 3.42இலிருந்து 3.24க்கு வந்தது, ஐந்து ஓட்டத்தில் ஒன்றுகூடப் பழைய ஐந்தோடு உரசவில்லை. லாபம் என்றால் இப்படித் தெரிய வேண்டும். செலவு ஒரு டின் கிளீனரும் கூலியும்.

டைனோவில், அதாவது காரை உருளைமேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் கருவியில், அளக்க விரும்பினால் கொழும்புப் பக்கம் இறங்க வேண்டி வரும், போகலாம், ஆனால் முன்னேயும் பின்னேயும் ஒரே டைனோ, ஒரே கியர், ஒரே டயர் காற்று, ஒரே திருத்தச் சூத்திரம். திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்குங்கள். கீழே எடுத்த எண்ணை நுவரெலியாவுக்குத் திருத்துகிறேன் என்று கிளம்பாதீர்கள், அந்தச் சூத்திரங்கள் சில சதவீதத் திருத்தத்துக்காகச் செய்யப்பட்டவை, இவ்வளவு பெரிய உயர வித்தியாசத்துக்கு அல்ல. எண்ணைத் தெய்வமாகக் கும்பிடவும் வேண்டாம். 2003இல் மாஸ்டாவே அமெரிக்காவில் இந்தக் காரை 247 குதிரை என்று விற்றுவிட்டு, பிறகு 238 என்று திருத்தி, வாங்கியவர்களிடம் காரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முன்வந்தது.

லைட் ஃப்ளைவீல் (என்ஜினோடு சுற்றும் எடை குறைந்த சக்கரம்) போட்டவர்களுக்குத் தனியாக ஒன்று. அது என்ஜினில் ஒரு குதிரையும் கூட்டாது. ஆனால் சுற்ற வைக்க வேண்டிய எடை குறைவதால் முதல் கியர் நேரம் நன்றாகவே குறையும், இரண்டாம் கியரில் கொஞ்சம், மேல் கியர்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆகவே தாழ்ந்த கியரில் லாபம் தெரிந்து காற்றோட்டக் கோடு அசையவில்லை என்றால் அது பவர் அல்ல, எடை. சைலன்சரில் இந்த என்ஜினுக்கு அதிகம் எதிர்பார்க்காதீர்கள், எக்ஸோஸ்ட் போர்ட் பக்கச் சுவரில் இருக்கிறது, இன்டேக் போர்ட்டோடு ஒன்றாகத் திறந்திருக்கும் நேரமே இல்லை, அதனால் பழைய ரோட்டரிகள் மாதிரி புகைவழியைத் திறந்துவிட்டால் துள்ளிக்கொண்டு ஓடாது. கன்வர்டரைக் கழற்றி எறிந்தால் வருடாந்தப் புகைப் பரிசோதனை வேறு இருக்கிறது.

அந்த ஓபன் ஃபில்டரைப் பாதி விலைக்கு விற்றுவிட்டேன். வாங்க வந்த தம்பியிடம் கொப்பியைத் திறந்து, 5.12, 5.11, 5.13 மூன்றையும் காட்டி, ஒன்றும் கூடாது என்று நேர்மையாகவே சொன்னேன். கவனமாகப் பார்த்தான், தலையாட்டினான், காசை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கேட்டான்: "அதெல்லாம் சரி அண்ணே, சத்தம் வரும்தானே?"